சூப்பர்நோவா ஆய்வுக்கு வழிகாட்டி தேடும்போது எந்த எண்ணை நம்புவது?

சூப்பர்நோவா எனப்படும் விண்மீன் வெடிப்பில்தான் முனைவர் பட்ட ஆய்வு என்று முடிவான பிறகு என் கையில் மூன்று பெயர்கள் இருந்தன. ஒருவர் இரவுதோறும் வானத்தைத் துழாவும் பெரிய சர்வே ஒன்றில் இருப்பவர். இன்னொருவர் விண்மீன் வெடிப்பைக் கணினிக்குள் நடத்திப் பார்க்கும் கோட்பாட்டாளர். மூன்றாமவர் நான்கைந்து பேரை மட்டும் வைத்துக்கொண்டு, ஆண்டுக்கு இரண்டு மூன்று வெடிப்புகளைத் தேர்ந்தெடுத்து, அவை மங்கி மறையும்வரை விடாமல் நிறமாலை எடுப்பவர். மூவரின் மேற்கோள் எண்ணிக்கையையும், அதாவது அவர்களுடைய கட்டுரைகளை மற்ற கட்டுரைகள் எத்தனை முறை குறிப்பிடுகின்றன என்பதையும், தேடிப் பார்த்தேன். முதலாமவருடையது மூன்றாமவருடையதைவிடக் கிட்டத்தட்டப் பத்து மடங்கு அதிகம். இதற்குமேல் என்ன யோசனை, அவரிடமே சேர்ந்துவிடு என்றார்கள் நண்பர்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

ஆனால் அந்தப் பத்து மடங்கு எங்கிருந்து வந்தது என்று ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தேன். பார்த்த பிறகு என் முடிவு மாறிவிட்டது. அந்த ஒரு வாரத்தில் தெரிந்துகொண்டதையும், அதன்பின் துறைக்குள்ளேயே இருந்து கற்றதையும் சேர்த்து எழுதுகிறேன். ஒரு வானியற்பியலாளரின் ஆய்வுப் பதிவை அளக்க நான்கைந்து வழிகள் உண்டு. ஒவ்வொன்றும் வேறொரு கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது. எது உங்கள் கேள்வி என்று தெரியாமல் எந்த எண்ணைப் பார்த்தாலும் வழிதவறும்.

முதலில் எங்கே பார்ப்பது?

மேற்கோளை எண்ணித் தரும் தளங்களாக கூகுள் ஸ்காலர், ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் எல்லாம் இருக்கின்றன. வானியலுக்கு நாசா ஆதரவில் இயங்கும் ஏடிஎஸ் தரவுத்தளம்தான் சொந்த வீடு. சூப்பர்நோவா ஆட்கள் காலையில் எழுந்ததும் திறப்பது, கட்டுரைகள் பெரும்பாலும் இதழில் வரும் முன்பே பதிவேறும் ஆர்க்கைவ் தளம், அதற்கடுத்து ஏடிஎஸ். ஒரே ஆளுக்கு ஸ்காலர், ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ், ஏடிஎஸ் என்ற நான்கு இடங்களிலும் நான்கு எண்கள் வரும். கூகுள் ஸ்காலர் ஆய்வேடுகள், கருத்தரங்கக் குறிப்புகள், ஒரே கட்டுரையின் பல வடிவங்கள் என எல்லாவற்றிலிருந்தும் மேற்கோளைச் சேர்த்துக்கொள்வதால் அங்கே எண் பெரும்பாலும் பெரிதாக இருக்கும். எனவே ஒருவருக்கு ஸ்காலரிலும் இன்னொருவருக்கு ஸ்கோபஸிலும் பார்த்து ஒப்பிடாதீர்கள். எல்லோருக்கும் ஏடிஎஸ் என்று வைத்துக்கொள்வது நல்லது.

அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. சூப்பர்நோவா துறைக்கென்றே அமைந்த பொறி அது. புதிய வெடிப்பு ஒன்று கண்ணில் பட்டால் அதை உடனே அறிவிக்க வேண்டும். 2016 முதல் டிரான்சியன்ட் நேம் சர்வர் என்ற அமைப்பு அந்த அறிவிப்புகளை வாங்கிப் பெயர் சூட்டுகிறது. ஒருவர் நிறமாலை எடுத்து ‘இது டைப் 1ஏ’ (வெள்ளைக் குள்ளன் என்னும் எரிந்து முடிந்த விண்மீன் வெடிக்கும் வகை) என்று வகைப்படுத்தினால் அதுவும் ஒரு அறிக்கை. அஸ்ட்ரானமர்ஸ் டெலிகிராம் என்ற சின்னச் செய்திகளும் உண்டு. இவையெல்லாம் ஏடிஎஸ்ஸில் தனித்தனிப் பதிவுகளாக வந்து உட்காரும். சர்வேயில் இருப்பவரின் பெயரைத் தட்டினால் நூற்றுக்கணக்கான பதிவுகள் வருவது இதனால்தான். பாதிக்குமேல் அரைப்பக்க அறிவிப்பாக இருக்கலாம். அந்த வேலை தேவையான வேலை, நேர்மையான வேலை. ஆனால் அதை ஆய்வுக்கட்டுரையோடு சேர்த்து எண்ணினால் கணக்கு கெடும். ரெஃபரி பார்த்த, அதாவது துறை அறிஞர்கள் சரிபார்த்த பிறகு இதழில் வந்த, கட்டுரைகள் மட்டும் என்ற வடிகட்டியைப் போட்டுவிட்டு அப்புறம் எண்ணத் தொடங்குங்கள்.

பெயர்க் குழப்பத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிரபஞ்சம் முடுக்கத்தோடு விரிகிறது என்று சொன்ன 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் ஆடம் ரீஸ். அதே கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் டேவிட் ரைஸ் என்று இன்னொருவரும் இருக்கிறார். ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து இடம் மாறியிருப்பதைத் தவிர இரண்டு குடும்பப் பெயருக்கும் வித்தியாசமே இல்லை. ஒரே கட்டுரைக்குள்ளேயே இப்படி என்றால் துறை முழுவதும் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கொடுக்கப்படும் ஆர்க்கிட் எண் வைத்திருப்பவர் என்றால் அதைக் கொண்டு தேடுவதுதான் பத்திரம்.

மொத்த மேற்கோள்

எல்லோரும் முதலில் பார்ப்பது இதைத்தான். சூப்பர்நோவா துறையில் மிக எளிதாக ஏமாற்றுவதும் இதுதான். காரணம் இரண்டு கட்டுரைகள். ஒன்று, ரீஸும் கூட்டாளிகளும் 16 தொலைதூர வெடிப்புகளையும் 34 அருகிலுள்ள வெடிப்புகளையும் வைத்து எழுதிய அந்த 1998 கட்டுரை. மற்றொன்று, சால் பெர்ல்மட்டரின் குழு 42 தொலைதூர வெடிப்புகளை வைத்து 1999-இல் வெளியிட்டது. இரண்டும் பத்தாயிரத்துக்குமேல் மேற்கோள் பெற்றவை. முதலாவதில் 20 ஆசிரியர்கள். இரண்டாவதில் முப்பதுக்கும் மேல். இந்த ஐம்பது பேரில் ஒருவர் அதன்பிறகு வேறெதுவும் எழுதாமல் இருந்திருந்தாலும், மொத்த மேற்கோள் என்ற தராசில் வாழ்நாள் முழுக்க உழைத்த பலரைவிட மேலே நிற்பார்.

அந்த மேற்கோள்கள் எங்கிருந்து வருகின்றன என்பதையும் பாருங்கள். இந்த முடுக்கத்துக்குக் காரணம் என்று கருதப்படும் கரும் ஆற்றல் பற்றி எழுதும் துகள் இயற்பியலாளர்கள், புவியீர்ப்புக் கோட்பாட்டை மாற்றி எழுதிப் பார்ப்பவர்கள், கேலக்ஸிகளை எண்ணுபவர்கள் எல்லோரும் தங்கள் கட்டுரையின் முதல் பத்தியில் இந்த இரண்டையும் குறிப்பிடுவார்கள். அவர்களில் மிகப் பலர் ஒரு சூப்பர்நோவாவின் ஒளிவளைவை, அதாவது அதன் பிரகாசம் நாளாக ஆக மாறுவதைக் காட்டும் கோட்டை, கையால் தொட்டவர்களே அல்ல. அண்டவியலோடு ஒட்டிய சூப்பர்நோவா ஆய்வுக்கு வாசகர் கூட்டம் மிகப் பெரிது. ஒரு பெரும் விண்மீன் வெடித்த பிறகு அதன் நிறமாலையில் ஹைட்ரஜன் கோடுகள் ஏன் இப்படி வளைகின்றன என்று கேட்கும் ஆய்வுக்கு உலகம் முழுக்கச் சில நூறு வாசகர்கள் இருந்தால் அதிகம். முதல் வகையில் நூறு மேற்கோள் சாதாரணம். இரண்டாம் வகையில் நூறு மேற்கோள் என்றால் அந்தச் சிறு உலகில் எல்லோரும் படித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். என் மூன்று பெயர்களுக்கு இடையே இருந்த பத்து மடங்கில் பெரும்பகுதி இப்படித்தான் கரைந்துபோனது.

இதை என் சொந்தக் கணக்கிலேயே பின்னால் கண்டேன். என் பெயர் இருக்கும் கட்டுரைகளில் அதிக மேற்கோள் பெற்றதற்கு நான் செய்தது இரண்டு இரவு தொலைநோக்கியில் உட்கார்ந்து நிறமாலை எடுத்துக் கொடுத்தது மட்டும். மூன்று ஆண்டுகள் உயிரைக் கொடுத்து எழுதிய கட்டுரை அதன் பக்கத்தில்கூட வராது. எந்த வேலையில் நான் யார் என்று தெரியும் என்று என்னைக் கேட்டால் தயங்காமல் இரண்டாவதைத்தான் காட்டுவேன்.

எச்-இன்டெக்ஸ்

2005-இல் இயற்பியலாளர் ஹோர்கே ஹிர்ஷ் முன்வைத்த அளவை இது. எச் என்பது 30 என்றால், தலா 30 மேற்கோளாவது பெற்ற 30 கட்டுரைகள் ஒருவரிடம் இருக்கின்றன என்று பொருள். மொத்த மேற்கோளின் பெரிய குறையை இது சரிசெய்கிறது. ஒரே ஒரு புகழ்பெற்ற கட்டுரையின் தோளில் ஏறிக்கொண்டு யாரும் மேலே போக முடியாது. தொடர்ந்து உழைப்பவருக்கு நியாயம் செய்கிறது. அந்த வகையில் முந்தையதைவிட மேல்தான்.

ஆனால் அதே குணம் இன்னொரு பக்கம் வெட்டுகிறது. 1993-இல் வானியலாளர் மார்க் ஃபிலிப்ஸ் தனியாளாக நாலு பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினார். டைப் 1ஏ வெடிப்புகளில் பிரகாசமானவை மெதுவாக மங்குகின்றன, மங்கலானவை வேகமாக மங்குகின்றன என்பதை ஒன்பது வெடிப்புகளை வைத்துக் காட்டியது அது. உச்சத்துக்குப் பிறகு 15 நாட்களில் நீல ஒளியில் எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால் போதும், அந்த வெடிப்பின் உண்மையான பிரகாசத்தைச் சொல்லிவிடலாம். இது இல்லாமல் 1998-உம் இல்லை, 1999-உம் இல்லை, அவற்றுக்கு வந்த நோபலும் இல்லை. எச்-இன்டெக்ஸ் கணக்கில் அந்தக் கட்டுரையின் எடை என்ன? ஒன்று. நூறு மேற்கோள் வாங்கிய சாதாரணக் கட்டுரைக்கும் அதே ஒன்றுதான்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒருவரிடம் ஐந்து கட்டுரைகள். ஒன்றுக்கு 2000 மேற்கோள், மற்ற நான்குக்கும் தலா 5. அவருடைய எச் 5. இன்னொருவரிடம் பத்துக் கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் 10 மேற்கோள். அவருடைய எச் 10. எண்ணைப் பார்த்தால் இரண்டாமவர் இரு மடங்கு பெரியவர். துறையை மாற்றியது யார் என்றால் விடை வேறு.

வயதும் இதில் கலந்திருக்கிறது. எச் ஒருபோதும் குறையாது. ஓய்வுபெற்றபின்பும் ஏறும். 25 ஆண்டு அனுபவம் உள்ளவரையும் எட்டாண்டு ஆனவரையும் எச் வைத்து ஒப்பிடவே கூடாது. முதல் கட்டுரை வந்து எத்தனை ஆண்டுகள் ஆனதோ அதால் எச்சை வகுத்துப் பார்க்கும் வழக்கம் உண்டு, ஏடிஎஸ் அதை எம்-இன்டெக்ஸ் என்று காட்டும். ஓரளவு உதவும். ஆனால் பெரிய சர்வேயில் சேர்ந்த இளைஞருக்கு அந்த எண் ராக்கெட் மாதிரி மேலே போகும். சர்வே கட்டுரைகளில் எல்லாம் அவர் பெயர் தானாகவே ஏறிவிடுகிறதே. ஹிர்ஷ் தாமே 2020-இல், தான் உருவாக்கிய இந்த அளவை தீங்கான விளைவுகளையும் கொண்டுவரக்கூடும் என்று எழுதினார். உருவாக்கியவரே சொல்வதைக் காதில் போட்டுக்கொள்வது நல்லது.

தலைக்கு இவ்வளவு என்று பிரித்தால்?

ஏடிஎஸ்ஸில் பலர் கவனிக்காத ஒரு எண் உண்டு. ஒரு கட்டுரையின் மேற்கோளை ஆசிரியர் எண்ணிக்கையால் வகுத்துக் கூட்டியது. 200 பேர் எழுதிய கட்டுரைக்கு 1000 மேற்கோள் என்றால் ஆளுக்கு 5. தனியாக எழுதிய கட்டுரைக்கு 50 மேற்கோள் என்றால் முழு 50-உம் அவருக்கே. 2017-இல் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதியதைப் பற்றிய கூட்டுக் கட்டுரையில் 3000-க்கும் மேற்பட்ட பெயர்கள் இருந்தன. அதை ஒருவரின் பதிவில் முழுசாகச் சேர்ப்பதற்கும் மூவாயிரத்தில் ஒரு பங்காகச் சேர்ப்பதற்கும் உள்ள தூரத்தை யோசித்துப் பாருங்கள்.

என் மூன்று பேருக்கும் இந்தக் கணக்கைப் போட்டபோது வரிசை தலைகீழானது. கோட்பாட்டாளர் முதலிடத்துக்கு வந்தார், சின்னக் குழுக்காரர் அவருக்கு மிக அருகில். சர்வேக்காரர் மூன்றாமிடம். கோட்பாட்டாளர்கள் இரண்டு மூன்று பேராக எழுதுபவர்கள். டேவிட் ஆர்னெட் டைப் 1 ஒளிவளைவுக்கு 1982-இல் தனியாகத் தீட்டிய கணக்கும், வூஸ்லியும் வீவரும் பெரும் விண்மீன்களின் வெடிப்பில் என்னென்ன தனிமங்கள் எவ்வளவு உண்டாகின்றன என்று 1995-இல் இருவராக எழுதியதும் இன்றும் அன்றாடம் கையாளப்படுகின்றன. அந்த மரபில் வருபவர்களுக்கு இந்த அளவை சாதகமாகவே இருக்கும்.

ஆனால் இதை மட்டும் பார்த்துவிட்டு சர்வேக்காரரை ஒதுக்குவதும் தவறு. வகுத்தல் என்பது எல்லோருக்கும் சமபங்கு கொடுக்கிறது. முப்பது பேர் கட்டுரையில் முதல் ஆசிரியர் இரண்டு ஆண்டு உழைத்திருப்பார், பதினெட்டாவது ஆள் ஒரு படம் அனுப்பியிருப்பார். இருவருக்கும் முப்பதில் ஒரு பங்கு. எனக்கு இதைவிட உறுத்துவது வேறொன்று. தாராள மனதுள்ள வழிகாட்டி தொலைநோக்கியில் உதவிய இளநிலை மாணவர் பெயரைக்கூடச் சேர்ப்பார். அவர் எண் குறையும். யார் பெயரையும் சேர்க்காதவர் எண் ஏறும். வழிகாட்டி தேடும் மாணவருக்கு இந்த அளவை தப்பான ஆளைக் காட்டக்கூடிய இடம் இது.

முதல் ஆசிரியர் யார்?

வானியலில் முதல் பெயருக்குத்தான் மதிப்பு. வேலையைச் செய்து கட்டுரையை எழுதியவர் அவர். அதற்குப் பின்னால் உழைப்பின் வரிசையிலோ அகர வரிசையிலோ பெயர்கள் வரும். சில கட்டுரைகளில் முதல் ஐந்தாறு பேர் உழைப்பின்படியும் மீதிப் பேர் அகர வரிசையிலும் இருப்பார்கள். உயிரியலில் கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருடையது என்று ஒரு வழக்கம் உண்டல்லவா, அதை இங்கே கொண்டுவராதீர்கள். சூப்பர்நோவா கட்டுரையில் கடைசிப் பெயருக்குச் சொந்தக்காரர் ஆங்கில அகரவரிசையில் கடைசியாக வருபவராக மட்டுமே இருக்கலாம்.

1998 கட்டுரையையே மறுபடி எடுத்துக்கொள்வோம். முதலில் ரீஸ், இரண்டாவது அலெக்ஸ் ஃபிலிப்பென்கோ, அதன்பின் அகரவரிசை. அந்தக் குழுவுக்குத் தலைவர் பிரையன் ஷ்மிட். 2011-இல் ரீஸோடும் பெர்ல்மட்டரோடும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். அவர் பெயர் எத்தனையாவது தெரியுமா? பதினான்காவது. குழுவை நடத்தியவர் பதினான்காவது, அப்போது 28 வயது போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர்) ஆக இருந்த ரீஸ் முதலாவது. முதல் ஆசிரியர் கட்டுரைகளை மட்டும் எண்ணும் தேர்வாளர் இந்தக் கட்டுரையை ஷ்மிட்டின் பதிவில் கண்டுகொள்ளவே மாட்டார். (அதே ஆண்டில் அந்தத் தேடலின் முறையை விளக்கி ஷ்மிட் முதல் ஆசிரியராக எழுதிய கட்டுரை தனியாக இருக்கிறது.)

எனக்கு இந்தப் பதினான்காவது இடம்தான் கண்ணைத் திறந்தது. மூத்த ஆய்வாளர் ஒருவரின் கடந்த பத்தாண்டுப் பட்டியலில் முதல் ஆசிரியர் கட்டுரைகள் குறைவாக இருப்பது குறையே இல்லை. அவருடைய மாணவர்கள் முன்னால் நிற்கிறார்கள், அவர் பின்னால் போய்விட்டார் என்று இருக்கலாம். இருக்கலாமா, இருக்கிறதா என்பதைத்தான் சோதிக்க வேண்டும். அதற்கு வழி சுலபம். அவருடைய இணையப் பக்கத்திலோ அவர்கள் துறையின் ஆய்வேட்டுப் பட்டியலிலோ மாணவர்களின் பெயரை எடுங்கள். ஒவ்வொரு பெயரையும் ஏடிஎஸ்ஸில் முதல் ஆசிரியராகத் தேடுங்கள். சேர்ந்து எத்தனை ஆண்டில் முதல் கட்டுரை வந்தது? பட்டம் வாங்குவதற்குள் எத்தனை? அதில் வழிகாட்டி எந்த இடத்தில் இருக்கிறார்? பட்டம் வாங்கிய பிறகு அந்த மாணவர் தனக்கென்று ஒரு கேள்வியோடு எழுதுகிறாரா, அல்லது பெயரே காணாமல் போய்விட்டதா?

எந்தத் தரவுத்தளமும் இந்த எண்ணைத் தானாகத் தராது. மூன்று பேருக்குச் செய்ய எனக்கு இரண்டு நாள் ஆனது. அந்த வாரத்தில் செய்தவற்றிலேயே உருப்படியான வேலை அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். பெரிய சர்வேக்காரரின் மாணவர்கள் பெயர் ஐம்பது கட்டுரைகளில் இருந்தது, முதல் ஆசிரியராக ஒன்றுதான் இருந்தது, அதுவும் ஐந்தாம் ஆண்டில். சின்னக் குழுக்காரரின் மாணவர்கள் மொத்தம் நான்கே பேர். நால்வருமே இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் ஒரு வெடிப்பைத் தங்கள் பெயரில் எழுதியிருந்தார்கள்.

எதற்காக மேற்கோள் காட்டுகிறார்கள்?

எண்ணிக்கையை விட்டுவிட்டு மேற்கோள் காட்டப்பட்ட வாக்கியத்தைப் படிப்பது இன்னொரு வழி. நேரம் பிடிக்கும். ஆனால் ஒரு ஆய்வாளரைப் பற்றி இதில் தெரிவது வேறெதிலும் தெரியாது.

சில கட்டுரைகள் கருவிகள். 1998-இல் ஷ்லெகல், ஃபிங்க்பைனர், டேவிஸ் மூவரும் நம் பால்வழியின் தூசுக்கு ஒரு வரைபடம் வெளியிட்டார்கள். எந்தத் திசையில் தூசு எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்று அதில் பார்த்துத் திருத்தாமல் யாரும் சூப்பர்நோவாவின் பிரகாசத்தைச் சொல்ல முடியாது. அதனால் அந்தக் கட்டுரைக்கு மேற்கோள் மலைபோல் குவிந்தது. நிறமாலையைப் பழைய நிறமாலைகளோடு பொருத்திப் பார்க்கும் ஸ்னிட் நிரலுக்கு ப்ளொன்டினும் டோன்ரியும் 2007-இல் எழுதிய கட்டுரையும் அப்படியே. இவர்கள் துறைக்குச் செய்தது பெரிய சேவை. இப்படிப்பட்டவரிடம் சேர்ந்தால் நல்ல நிரல் எழுதக் கற்றுக்கொள்ளலாம்.

சில கட்டுரைகள் தொகுப்புரைகள். ஃபிலிப்பென்கோ 1997-இல் தனியாக எழுதிய ‘சூப்பர்நோவாக்களின் ஒளியியல் நிறமாலைகள்’ என்ற தொகுப்புரையைத்தான் வகைப்பாடு பற்றிப் பேசும்போதெல்லாம் ஆட்கள் காட்டுகிறார்கள். புதிய கண்டுபிடிப்புக்கான மேற்கோள் என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் துறை முழுவதையும் ஒருவர் மனதில் வைத்திருக்கிறார் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இன்னும் சில, சண்டைகள். 2015-இல் கண்ட ஏஎஸ்ஏஎஸ்எஸ்என்-15எல்எச் என்ற வெடிப்பை அதுவரை கண்டதிலேயே மிகப் பிரகாசமான சூப்பர்நோவா என்று ஒரு குழு 2016 தொடக்கத்தில் எழுதியது. அதே ஆண்டு இன்னொரு குழு, இது சூப்பர்நோவாவே அல்ல, வேகமாகச் சுழலும் கருந்துளை ஒன்று பக்கத்தில் வந்த விண்மீனைக் கிழித்துப்போட்ட ஒளி என்று வாதிட்டது. அதன்பின் வந்தவர்கள் இரண்டு பக்கத்தையும் மேற்கோள் காட்டித்தான் எழுத வேண்டும். எண்ணில் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். ஒப்புக்கொண்டதற்கும் மறுத்ததற்கும் கணக்கில் வித்தியாசம் இல்லை. இப்படி ஒரு விவாதத்தின் நடுவில் இருந்தவர் உங்கள் பட்டியலில் இருந்தால், எதிர்வாதம் வந்தபின் அவர் எழுதிய அடுத்த கட்டுரையைத் தேடிப் படியுங்கள். ஆதாரத்தைப் பார்த்து அசைந்து கொடுக்கிறாரா, இல்லை பிடித்த பிடியில் நிற்கிறாரா என்று தெரிந்துவிடும். ஐந்தாண்டு அவரோடு வாதிடப் போவது நீங்கள்தானே.

கோட்பாடு, அவதானிப்பு: காலம் ஒன்றல்ல

அவதானிப்புக் கட்டுரைக்கு மேற்கோள் உடனே வரும், வெடிப்பு பழசானதும் வடியும். கோட்பாட்டுக் கட்டுரை சிலசமயம் பல பத்தாண்டுகள் காத்திருக்கும். சுப்பிரமணியன் சந்திரசேகர் 1931-இல் இரண்டே பக்கத்தில் வெள்ளைக் குள்ளன் விண்மீனின் எடைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்று எழுதினார். 1935-இல் அன்றைய புகழ்பெற்ற வானியற்பியலாளர் எடிங்டன் அதை வெளிப்படையாக மறுத்தார். இன்று டைப் 1ஏ வெடிப்பு பற்றி யார் பேசினாலும் 1.4 சூரிய எடையான அந்த வரம்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். நோபல் வந்தது 1983-இல். அந்தக் கட்டுரை வந்து ஐந்தாண்டு கழித்து மேற்கோளை எண்ணியிருந்தால் என்ன முடிவுக்கு வந்திருப்போம்?

பிரகாசத்துக்கும் மங்கும் வேகத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று சோவியத் வானியலாளர் யூரி ப்ஸ்கோவ்ஸ்கி 1970-களிலேயே எழுதியிருந்தார். அன்றைய புகைப்படத் தட்டுகளின் அளவீடு அதை நிறுவப் போதவில்லை. ஒளியை மின்னணு முறையில் பதியும் சிசிடி கேமராக்கள் வந்தபிறகு ஃபிலிப்ஸ் நிறுவினார். துறை அந்தத் தொடர்பை இன்று ஃபிலிப்ஸ் பெயரால்தான் அழைக்கிறது. யார் சரியாக யோசித்தார் என்பதும் யாருக்கு மேற்கோள் போகிறது என்பதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

அதிர்ஷ்டமும் உண்டு. நம் பால்வழியின் துணைக் கேலக்ஸியான பெரிய மெகல்லன் மேகத்தில் வெடித்த ஒரு விண்மீனின் நியூட்ரினோக்கள் (எதிலும் எளிதில் சிக்காத நுண்துகள்கள்) 1987 பிப்ரவரி 23 அன்று பூமியை வந்தடைந்தன. அவற்றைப் பிடித்த கமியோகாண்டே, ஐஎம்பி என்ற கருவிகள் முதலில் கட்டப்பட்டது புரோட்டான் தானாகச் சிதைகிறதா என்று தேடத்தான். அந்த ஒரு சில நொடிகளில் பிடிபட்ட இருபதுக்குச் சற்றே அதிகமான நியூட்ரினோக்கள் பலரின் ஆய்வுப் பதிவையே மாற்றிவிட்டன. தயாராக இருந்தார்கள், அதனால் கிடைத்தது. அதில் அவர்களுக்குப் பெருமை உண்டு. ஆனால் அதே தகுதியோடு வேறு பத்தாண்டில் வேலைபார்த்தவருக்கு அந்த எண் வந்திருக்காது.

பரிசுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முடுக்க விரிவுக்கு நோபல் மூன்று பேருக்குப் போனது. அதே கண்டுபிடிப்புக்கான 2015 பிரேக்த்ரூ பரிசு இரு குழுக்களிலும் சேர்த்து 51 பேருக்குப் போனது. வேலை ஒன்றுதான்.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது?

வேலைக்கு ஆள் எடுக்கும் குழுவில் இருக்கிறீர்கள், இருநூறு விண்ணப்பங்களை முப்பதாகக் குறைக்க வேண்டும் என்றால், ரெஃபரி பார்த்த முதல் ஆசிரியர் கட்டுரைகளை எடுத்து, ஒத்த அனுபவமும் ஒத்த உட்துறையும் உள்ளவர்களுக்குள் மட்டும் ஒப்பிடுங்கள். சர்வே ஆட்களுக்கு அவர்கள் கூட்டமைப்பில் என்ன கட்டினார்கள் என்ற கடிதத்தைத் தனியாகக் கேளுங்கள். பெரிய கூட்டமைப்புகள் சிலவற்றில் உள்கட்டமைப்புக்கு நீண்டநாள் உழைத்தவர்களுக்கு ‘பில்டர்’ என்ற தகுதி கொடுத்து, எல்லாக் கட்டுரைகளிலும் கையெழுத்திடும் உரிமை தருகிறார்கள். அந்தத் தகுதி ஐம்பது இணை ஆசிரியர் கட்டுரைகளைவிட அதிகம் சொல்லும். எச்-இன்டெக்ஸை விண்ணப்பப் படிவத்திலிருந்தே எடுத்துவிடலாம் என்பது என் கருத்து. 2012-இல் உருவான டோரா பிரகடனம் இதழின் இம்பாக்ட் ஃபேக்டரை (அந்த இதழின் கட்டுரைகளுக்குச் சராசரியாக வரும் மேற்கோளை) வைத்து ஆட்களை எடைபோடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டதும் இதே மனநிலையில்தான்.

தொலைநோக்கி நேரம் ஒதுக்குவதாக இருந்தால் எந்த எண்ணும் வேண்டாம். ஹப்பிள் தொலைநோக்கிக்கு 2018 முதல் விண்ணப்பித்தவர் பெயரை மறைத்துத்தான் மதிப்பிடுகிறார்கள். யோசனை நன்றாக இருக்கிறதா என்பதுதான் அங்கே கேள்வி. இந்த ஏற்பாட்டை நான் முழுமனதோடு வரவேற்கிறேன்.

வழிகாட்டி தேடும் மாணவருக்கு என் வரிசை இது: முதலில் அவருடைய மாணவர்களின் முதல் ஆசிரியர் கட்டுரைகள், அப்புறம் அவருடைய மூன்று கட்டுரைகளுக்கு மற்றவர்கள் எழுதிய மேற்கோள் வாக்கியங்கள், மூன்றாவதாகத் தலைக்குப் பிரித்த மேற்கோள் எண். மொத்த மேற்கோளையும் எச்சையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு மூடிவிடலாம்.

நான் சின்னக் குழுக்காரரிடம் சேர்ந்தேன். அது எல்லோருக்கும் சரியான முடிவு என்று சொல்லமாட்டேன். என் வகுப்பிலிருந்த ஒருத்தி சர்வேயில் சேர்ந்தாள். ஆயிரக்கணக்கான ஒளிவளைவுகளை ஒரே நேரத்தில் கையாளும் முறைகளை அங்கேதான் கற்க முடியும். ரூபின் தொலைநோக்கி வானில் ஏதோ மாறியது என்று சொல்லும் எச்சரிக்கைகளை ஒரே இரவில் ஒரு கோடிவரை அனுப்பக்கூடும் என்று சொல்லப்படும் இந்தக் காலத்தில் அவள் கற்றது பொன். ஆனால் அவள் சேர்வதற்கு முன்பே கேட்டுவிட்டாள்: இந்த டேட்டாவில் எந்தக் கேள்வி என் பெயரில் இருக்கும், அதை எழுத்தில் தருவீர்களா என்று. தந்தார்கள்.

நீங்களும் சேர்வதற்கு முன் அதைக் கேளுங்கள். அவரிடம் படித்து வெளியேறிய இருவருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், ஒருவர் துறையிலேயே இருப்பவராகவும் இன்னொருவர் துறையை விட்டுப் போனவராகவும் இருக்கட்டும். முதல் கட்டுரையின் முதல் வரைவை அவர் எத்தனை நாளில் திருத்தித் திருப்பிக் கொடுத்தார் என்று கேளுங்கள். நான் கேட்டபோது ஒருவர் எழுதினார்: நாலு நாள், ஒவ்வொரு பக்கத்திலும் பென்சில் குறிப்போடு.